பத்தாவது கோடு

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் சம பங்குகளாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கே மைக்ரான் எனப்படும். நம் தலைமயிர் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ எழுபது மைக்ரான். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில் உள்ள எங்கள் கல்லூரியில், இத்தகைய நுண்ணிய பொருள்களைப் படம் பிடிக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி ஒன்று இருக்கிறது. அது வந்து இறங்கிய நாள் முதல் அதன் முன் அமர்ந்தவன் நான். என் பெயர் பொன்னுரங்கம். வயது நாற்பத்தொன்பது. பத்தாம் வகுப்பை முப்பத்திரண்டாம் வயதிலும், கணிதப் பட்டத்தை நாற்பத்து மூன்றாம் வயதிலும் தேறினேன். பட்டம் தொலைநிலைக் கல்வி வழியே பெற்றது. அதற்கு முன்னர் இதே கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்து, மாணவர்களுக்கு ஊசல் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நுண்ணோக்கி தரும் ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு சிறிய வெள்ளைக் கோடு இருக்கும். அக்கோட்டின் நீளம் எத்தனை மைக்ரான் என்பது அதன் மேல் எழுதப்பட்டிருக்கும். படத்தில் உள்ள எதையும் அதனோடு ஒப்பிட்டே அளக்கிறோம். ஆகவே அக்கோடு பொய் சொன்னால் படம் முழுவதும் பொய். அதைச் சரிபார்ப்பதற்காகக் கருவியோடு ஒரு சிலிக்கான் சில்லைக் கொடுத்திருந்தார்கள். அதன் மேல் இணைகோடுகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஒரு கோட்டின் நடுவிலிருந்து அடுத்த கோட்டின் நடுவரை சரியாக ஒரு மைக்ரான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் அச்சில்லைப் பொருத்தி, பத்துக் கோடுகளை எண்ணி, முதல் கோட்டின் நடுவிலிருந்து பத்தாவது கோட்டின் நடுவரை அளந்தேன். பத்து மைக்ரான் காட்ட வேண்டிய இடத்தில் கருவி ஒன்பது காட்டியது. மறுமுறையும் ஒன்பதே. கருவி பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக் காட்டுகிறது என்று முடிவு செய்து, அதற்குரிய திருத்த எண்ணை என் கையாலேயே கணினியில் பதிந்தேன். அதன் பிறகு அதே கோடுகளுக்குக் கருவி பத்து என்றது. ஆண்டு விழாவில் முதல்வர் என்னை மேடைக்கு அழைத்து, வெளிநாட்டுக் கருவியின் பிழையை நம் ஊழியர் கண்டுபிடித்தார் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். நான் அந்த வழிமுறையைத் தூய தமிழில் ஒரு தாளில் எழுதி, கண்ணாடி உறையிலிட்டு, கருவியின் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். 'பத்துக் கோடுகளை எண்ணுக. அத்தொலைவு பத்து மைக்ரான் எனக் கொள்க.' அடியில், 'வகுத்தவர்: க. பொன்னுரங்கம், பி.எஸ்சி.'

பதினான்கு மாதங்களுக்கு முன் லூசி வந்தார். எலவனாசூர்கோட்டையைச் சேர்ந்தவர், முப்பத்து நான்கு வயது, கல்லூரிக்கு நேரில் சென்று இயற்பியலில் முதுநிலை முடித்தவர். அவருக்கும் எனக்கும் ஒரே அறை, ஒரே கருவி, ஒரே நாற்காலி. நான் மங்கலான படத்தைத் தெளிவாக்க ஐந்து நிமிடம் திருகுவேன். அவர் இரண்டு குமிழ்களைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். சாமை மாவின் துகள் ஒன்று கூழாங்கல்லைப் போலத் திரையில் நிற்கும். மாணவர்கள் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், "லூசி மேடம் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். நாள்தோறும் காலையில் நான் நாற்காலியை என் உயரத்துக்கு ஏற்றுவேன். மதிய உணவுக்குப் பின் வந்து பார்த்தால் அது அவர் உயரத்துக்கு இறங்கியிருக்கும். அந்த நான்கு விரற்கடை இறக்கம் என் நெஞ்சில் ஏற்படுத்திய எரிச்சலை நான் எவரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் மட்டும் சொன்னேன் போலும். ஒரு நாள் என் மனைவி ஜெயசுதா சோற்றுக் கரண்டியோடு நின்று, "லூசி இப்டி, லூசி அப்டின்னு ஒக்காந்ததுல இருந்து ஏழு வாட்டி ஆச்சி. அந்தம்மாவ வூட்டுக்கே இட்டாந்துடுங்க, நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்" என்றாள்.

லூசி பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. நான்கைந்து மாணவர்கள் அறையில் இருந்தார்கள். அவர் என் சுவர்த்தாளைப் படித்துவிட்டு, "அண்ணா, இந்தப் பத்து எங்க இருந்து எண்ணது?" என்று கேட்டார்.

"மொதல் கோட்டுல இருந்துதான் மேடம். எம்மெஸ்சியில வேற எங்கனா இருந்து எண்ணச் சொல்றாங்களா?" என்றேன்.

மாணவர்கள் சிரித்தார்கள். லூசியின் முகம் சிவந்தது. அன்று முழுவதும் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். அதன் பிறகு அவர் அக்கேள்வியைக் கேட்கவில்லை. ஆனால் நாள்தோறும் காலையில் சில்லைத் தனியே படம் பிடித்து, படத்தின் அடியில் உள்ள வெள்ளைக் கோட்டை நம்பாமல், அந்தச் சில்லுப் படத்தைக் கொண்டே தன் அளவுகளைக் கணக்கிட்டார். என் மேல் நம்பிக்கையில்லை என்று காட்டவே அப்படிச் செய்கிறார் என்று கருதினேன். அக்காலத்தில் என் தாளுக்குப் பக்கத்தில் சுவரில் பென்சிலால் '9?' என்று எவரோ எழுதியிருந்தார்கள். மாணவர் குறும்பு என்று துடைத்தேன். ஒரு மாதம் கழித்து மீண்டும் இருந்தது. மீண்டும் துடைத்தேன்.

இவ்வாண்டு மார்ச் மாதத்தில் பிணக்கு வெளிப்பட்டது. ஆய்வு மாணவர் சுபாஷ் கல்வராயன் மலைக் கிராமங்களில் விளையும் சாமையையும், சின்னசேலம் பக்கத்துச் சமவெளிச் சாமையையும் ஒப்பிட்டு முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்தார். மலைச் சாமையின் மாவுத் துகள்களை நான் அளந்து கொடுத்திருந்தேன். சராசரி ஏழு மைக்ரான். சமவெளிச் சாமையை அளக்க வேண்டிய வாரத்தில் நான் முதுநிலைத் தேர்வெழுதச் சேலம் சென்றுவிட்டதால், அதை லூசி அளந்தார். ஆறு புள்ளி மூன்று. மலைச் சாமையின் துகள் பெரிது என்பதே சுபாஷின் ஆய்வேட்டின் முதன்மை முடிவு. திங்கட்கிழமை பதினாறாம் தேதி அதைச் சமர்ப்பிக்க வேண்டும்.

ஒன்பதாம் தேதி அவர் ஒரு படத்தின் தெளிவு போதவில்லை என்று, மலைச் சாமை ஒன்றை லூசியிடம் மறுபடி கொடுத்தார். மறுநாள் முகம் வெளிறி எங்கள் அறைக்கு வந்தார். லூசி அப்போது அலுவலகத்துக்குச் சென்றிருந்தார்.

"சார், இன்னா சார் இது? அதே மலை சாம்பிள்தான். மேடம் அளந்தா ஆறு புள்ளி மூணுன்னு வருது. நீங்க ஏழுன்னு குடுத்தீங்க. ரெண்டுல எத சார் நான் எழுதறது?"

என் மனத்துக்குள் ஒரு விளக்கு ஏற்றப்பட்டதை ஒப்புக்கொள்கிறேன். பதினான்கு மாதங்களாக நான் காத்திருந்தது இதற்காகவே. லூசி தவறிவிட்டார்.

"பயப்படாத தம்பி. மேடம் கம்மியா அளந்துட்டாங்க. சமவெளிச் சாமைய நானே திரும்ப அளந்து தரேன்" என்றேன்.

"அப்போ அதுவும் ஏழு வந்துட்டா?"

அந்தக் கேள்வியை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. பொறாமை உள்ளவன் காதுக்கு எதிராளியின் பிழை மட்டுமே கேட்கும். நேராக முதல்வரிடம் சென்றேன். அவர் வணிகவியல் படித்தவர், நேர்மையானவர். இருவரையும் அழைத்துக் கேட்டார். லூசி, "என் அளவு சரின்னு நான் காட்ட முடியும் சார்" என்று மட்டும் சொன்னார். முதல்வர் ஒரு தீர்வு கூறினார். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் முன்னிலையில் சில்லை அளக்க வேண்டும். எவர் அளவு நிற்கிறதோ, அவரே இனி அறையின் பொறுப்பாளர். அறிக்கைகளில் அவர் கையொப்பம் மட்டுமே இருக்கும்.

அப்பதவி எனக்கே கிடைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாற்காலியின் உயரத்தை நிலையாக இறுக்கிவிடுவது பற்றிக்கூட எண்ணினேன்.

புதன்கிழமை மாலை வீட்டில் விடுப்பு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். ரிஷிவந்தியத்தில் என் சித்தப்பா சுப்புராயன் மூன்றாம் தேதி காலமாகியிருந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குச் செல்ல வேண்டும்.

"மூணும் பதினாறும் பத்தொம்பது. பத்தொம்பதாந்தேதி லீவு போட்டுடறேன்" என்றேன்.

ஜெயசுதா திரும்பிப் பார்த்தாள். "பத்தொம்பதுல போனா பந்தலப் பிரிச்சிக்கினு இருப்பாங்க. கூடமாட ஒத்தாசையா ஒரு மூங்கில் புடிச்சிட்டு வாங்க. காரியம் பதினெட்டாந்தேதி."

"பதினாறு நாள் ஆவணும்ல?"

"செத்த அன்னிக்கே ஒண்ணு. இது கூடத் தெரியாம இன்னா பட்டம் வாங்கனீங்களோ."

அவள் சுவர் நாட்காட்டியில் மூன்றாம் தேதிக் கட்டத்தில் விரலை வைத்து, ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக்கொண்டே போனாள். பதினெட்டாம் தேதிக் கட்டத்தில் விரல் நின்றபோது பதினாறு என்றாள். நான் விடவில்லை. பதினெட்டில் மூன்றைக் கழித்தால் பதினைந்துதானே என்று வாதிட்டேன். எழுந்து சென்று நானும் என் விரலை மூன்றாம் தேதியில் வைத்து, ஒவ்வொரு முறை விரல் நகரும்போதும் எண்ணிக் காட்டினேன். பதினெட்டில் பதினைந்து வந்தது.

"பாத்தியா? பதினஞ்சு."

"நான் நாள எண்றேன். நீங்க தாண்டறத எண்றீங்க" என்றாள். "ரெண்டும் எப்டி ஒண்ணாவும்?" அடுப்பில் குழம்பு கொதித்ததால் உள்ளே போய்விட்டாள்.

நான் நாட்காட்டியின் முன் நின்றேன். விரல் பதினெட்டின் மேலேயே இருந்தது. நாள்கள் பதினாறு, தாண்டல்கள் பதினைந்து. பிறகு விண்ணப்பத் தாளைத் திருப்பி அதன் பின்புறத்தில் பத்துக் கோடுகள் இழுத்தேன். முதல் கோட்டிலிருந்து பத்தாவது கோட்டுக்கு எத்தனை முறை தாண்ட வேண்டும் என்று பேனா முனையால் எண்ணினேன். ஒன்பது. மீண்டும் எண்ணினேன். ஒன்பதுதான்.

கருவி முதல் நாளிலேயே ஒன்பது என்று சரியாகச் சொல்லியிருந்தது. நான்தான் அதைத் திருத்தினேன். மூன்று ஆண்டுகளாக, ஒன்பது மைக்ரான் உள்ள எதையும் பத்து என்று சொல்லும்படி அதைக் கெடுத்து வைத்திருந்தேன். ஏழை ஒன்பதால் பெருக்கிப் பத்தால் வகுத்தேன். ஆறு புள்ளி மூன்று. மலைச் சாமையும் சமவெளிச் சாமையும் ஒன்றே. சுபாஷ் கண்டறிந்த வேறுபாடு சாமைக்குள் இல்லை. எனக்கும் லூசிக்கும் இடையில் இருந்தது.

முதலில் தோன்றியது வெட்கம் அன்று, பொறாமையே. லூசி இதை அறிந்திருந்தார். 'எங்க இருந்து எண்ணது' என்று கேட்ட அன்றே அறிந்திருந்தார். நான் மாணவர்களைச் சிரிக்க வைத்தபோதும் அறிந்திருந்தார்.

அடுத்து தோன்றியது ஒரு வழி. முதல்வர் முன் நான் பத்துக் கோடுகளை எண்ணினால், கருவி பத்து என்றுதான் காட்டும். அவ்வாறே நான் அதைப் பழக்கியிருந்தேன். முதல்வர் எனக்குப் பொன்னாடை போர்த்தியவர். சுபாஷுக்கும் என் அளவே வேண்டும். லூசி என்ன சொன்னாலும், பத்துக் கோட்டுக்குப் பத்து என்பதை எவர் மறுப்பார்?

வியாழக்கிழமை நான் ஒன்பதரை மணிக்கே சென்றேன். லூசி எனக்கு முன்பே வந்து, வெற்றிடப் பம்பை இயக்கிவிட்டு, சன்னலருகே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே மலை தெரிந்தது.

"சிப்பு உள்ள வெச்சிட்டீங்களா மேடம்?"

"இல்லண்ணா. நீங்களே வெய்ங்க. அப்புறம் நான் இன்னாவோ பண்ணிட்டேன்னு வரக் கூடாதுல்ல."

நான் கையுறை அணிந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "இந்தத் தாள் பக்கத்துல பென்சில்ல ஒம்போதுன்னு எழுதனது யாரு?"

"நான்தான். ரெண்டு வாட்டி எழுதனேன். ரெண்டு வாட்டியும் தொடச்சிட்டீங்க. மூணாவது வாட்டி பேனாவுல எழுதலாமான்னு பாத்தேன்." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "வாயால கேட்டதுக்கே பசங்க முன்னாடி அந்தப் பேச்சு பேசனீங்க. நான் எதுக்குண்ணா திரும்ப வந்து வாங்கிக் கட்டிக்கணும்?"

"இது உங்களுக்கு எப்டித் தெரிஞ்சிது?"

"பதினொண்ணாவதுல ஊசல் எக்ஸ்பெரிமெண்டு. குண்ட விட்டதுமே ஒண்ணுன்னு எண்ணேன். பூஜ்யத்துல இருந்து எண்ணுடின்னு மிஸ்ஸு ஸ்கேலாலயே கையில ஒண்ணு போட்டாங்க. இன்னி வரிக்கும் மறக்கல." பிறகு இயல்பாகக் கேட்டார், "நீங்க ஊசல் ஆட்டனதே இல்லியாண்ணா?"

இருபது ஆண்டுகள் நான் ஊசல் கட்டியிருக்கிறேன். நூலை அளந்து, குண்டைத் தொங்கவிட்டு, நிறுத்துகடிகாரத்தைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, கதவோரம் நின்றிருக்கிறேன். எண்ணியவர்கள் மாணவர்கள். பின்னர் நான் படித்தபோது கணிதத்தைத் தேர்ந்தெடுத்தேன். தொலைநிலையில் செய்முறை வகுப்பு இல்லாமல் படிக்க இயன்ற பாடம் அதுவே. என் கையில் எவரும் அடிக்கவில்லை. அந்த ஆசிரியையின் அடி மீது அக்கணத்தில் எனக்கு உண்டான பொறாமையை விவரிக்கச் சொற்கள் போதா.

பதினொரு மணிக்கு முதல்வரும் சுபாஷும் வந்தனர். சில்லின் கோடுகள் திரையில் சாம்பலும் வெள்ளையுமாக நின்றன.

"பொன்னுரங்கம், மொதல்ல உங்க முறைப்படி செய்ங்க" என்றார் முதல்வர்.

முதல் கோட்டின் நடுவில் குறியை வைத்து, வாய்விட்டு எண்ணி, பத்தாவது கோட்டின் நடுவில் நிறுத்தினேன். கருவி பத்து புள்ளி பூச்சியம் என்று காட்டியது.

"பத்துக் கோடு, பத்து மைக்ரான். சரியாத்தானே இருக்கு?" என்றார் முதல்வர். சுபாஷ் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. முதல்வர் லூசியைப் பார்த்தார். லூசி என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிச் சன்னல் வழியே மலையைப் பார்த்தார். எதிர்க்க வேண்டிய நேரத்தில் அவர் எதிர்க்கவில்லை.

நான் நல்லவன் என்பதால் பேசினேன் என்று எவரும் கொள்ள வேண்டா. அவர் அவ்வாறு திரும்பிக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை. பதவி எனக்கு, உண்மை அவருக்கு என்று பங்கு பிரிந்துவிடும். நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த உண்மையை அவர் மட்டும் வைத்திருப்பார். அதையும் அவரிடம் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஐயா, கோட்டை எண்ணியாச்சு" என்றேன். "இனிமே தாண்டறத எண்ணணும்."

விரலைத் திரையின் மேல் வைத்து, கோட்டுக்குக் கோடு தாண்டி எண்ணினேன். ஒன்பது.

"ஒம்போது மைக்ரான் இருக்கற எடத்துல மிஷினு பத்துன்னு காட்டுது. மிஷினு மேல தப்பில்ல. மூணு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் அதுக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். மேடம் அளவுதான் சரி."

முதல்வர் சுவர்த்தாளைப் படித்தார், திரையைப் பார்த்தார், தாமும் ஒரு முறை விரல்விட்டு எண்ணினார். பொன்னாடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அவர் பெருந்தன்மை.

"அப்போ மலைச் சாமை பெருசு இல்லியா சார்?" என்று சுபாஷ் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி."

"பைண்டிங்குக்குக் குடுத்துட்டேன் சார். மூணு வருஷமா வெள்ளிமலைக்கும் இங்கியுமா ஏறி எறங்கிக்கினு..." அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு, அட்டை போடுவதை நிறுத்தச் சொல்ல வெளியே ஓடினார். திங்கட்கிழமை அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவில்லை. மூன்று மாதம் நீட்டிப்புக் கேட்டு எழுதினார். அவ்விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில், 'அளவுத்திருத்தப் பிழை' என்று மட்டும் இருந்தது. எவர் பிழை என்று அவர் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை ஆணை வந்தது. லூசி பொறுப்பாளர். திருத்த எண்ணை நீக்கினோம். மூன்று ஆண்டுகளில் நான் கொடுத்த நூற்று நாற்பத்திரண்டு அறிக்கைகளுக்கும் திருத்தக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. 'அறிக்கையில் உள்ள நீளங்களை ஒன்பதால் பெருக்கிப் பத்தால் வகுத்துக்கொள்க.' எழுதுவது நான், கையொப்பம் அவர். சுவர்த்தாளை எடுத்துவிட்டுப் புதியது எழுதத் தொடங்கினேன். 'பதினொரு கோடுகளை எண்ணுக. அவற்றினிடையே பத்துத் தாண்டல்கள் உள்ளன.' கற்பவருக்கு எளிதில் விளங்க, அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டை அடிக்குறிப்பாகச் சேர்க்க விரும்பினேன். சாவு வீட்டுக் கணக்கை ஆய்வகச் சுவரில் எழுதுவது பொருத்தமாகப் படவில்லை. வேறொன்றும் அகப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை என் விடுப்பு விண்ணப்பத்தை அவரிடம் நீட்ட வேண்டியிருந்தது. அவர் என் நாற்காலியில், அவர் உயரத்தில், உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன்.

"பதினாறாம் நாள் காரியத்துக்கா? சித்தப்பா தவறனது மூணாந்தேதிதானே?" அவர் உதடுகள் அசைந்தன. "அப்போ பத்தொம்பது வரணும். பதினெட்டுன்னு போட்டுக்கீறீங்களே அண்ணா?"

பதினான்கு மாதங்களில் முதன்முறையாக அவர் தவறியிருந்தார். என் உள்ளமெல்லாம் குளிர்ந்தது. நான் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "இதுல தாண்டறத எண்ணக் கூடாது மேடம். நாளத்தான் எண்ணணும். செத்த அன்னிக்கே ஒண்ணு."

அவர் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அட, ஆமால்ல! எங்க ஈஸ்டரும் அப்டித்தாண்ணா. வெள்ளி ஒண்ணு, சனி ரெண்டு, ஞாயிறு மூணு. தாண்டறது ரெண்டுதான். ஆனா மூணாம் நாள் உயிர்த்தார்னுதான் சொல்றோம்."

மூன்றே நாள்கள், விரல்விட்டு எண்ணத் தக்கவை, ஒரு முறை கேட்டால் எந்த மாணவனும் மறவான். நான்கு நாள்களாக அடிக்குறிப்புக்காக நான் தேடிக்கொண்டிருந்த எடுத்துக்காட்டு அதுவே. அவர் அதை என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்.